ஜான் குட்ரிக் என்னும் வானநூற் புலவர்

மக்களுட் பலர் நெடுங்காலம் வாழ்ந்தும் தம் ஊரெல்லைக்கு அப்பால் அறியப்படாமலே போகின்றனர். சிலரோ சின்னாளே வாழ்ந்தும், தாம் பிறந்த நாடு, பயின்ற மொழி, இருந்த நூற்றாண்டு ஆகிய எல்லாவற்றையும் கடந்து நினைக்கப்படுகின்றனர். அச்சிலருள் ஒருவர் ஜான் குட்ரிக் என்னும் ஆங்கிலேயர். அவர் இவ்வுலகில் இருந்த காலம் 21 ஆண்டும் ஏழு திங்களுமே. குழந்தைப் பருவத்திலேயே அவருக்குக் காது கேளாமற் போயிற்று. எனினும், என்றும் மாறாதவை என்று உலகம் கருதியிருந்த விண்மீன்களுள் ஒன்று, சில மணி நேரத்துக்குள் மங்கி மீண்டும் ஒளிபெறுகின்றது என்பதையும், அம்மாற்றம் கடிகாரம்போலத் தவறாது நிகழ்கின்றது என்பதையும் அளந்து நிறுவியவர் அவரே.

இவருடைய சரித்திரம் வானநூல் கற்பார்க்கு மட்டுமே உரியதன்று. பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பார் அனைவருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் இல்லத்துத் தாய்மாரும், மாணாக்கரும் படித்தறியும் பொருட்டு அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் குடும்பமும்

குட்ரிக் 1764 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் ஹாலந்து தேசத்திலுள்ள கிரோனிங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பெயர் ஹென்ரி குட்ரிக். தாயார் பெயர் லெவினா. குடும்பத்தாரின் பூர்வ இடம் இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்ஷயர். பாட்டனாராகிய ஸர் ஜான் குட்ரிக், பேரனெட் என்னும் பரம்பரைப் பட்டமுடையவர். ஸ்வீடன் நாட்டில் ஆங்கில அரசின் தூதராக அமர்ந்தவர். நிலபுலங்களுக்கும் மாளிகைக்கும் குறைவில்லாத குடி அது. பாட்டனாருக்குப் பின் தந்தையாரும், அவருக்குப் பின் குழந்தையும் அப்பட்டத்தைப் பெறுதல் முறையாக இருந்தது.

இத்தகைய குடியில் வாரிசாக வந்த பிள்ளை, மழலை தீருமுன்னரே கடுநோயுற்றுப் பிழைத்தது. ஆனால் செவிப்புலன் அறவே போயிற்று. செவி போகவே, பேச்சும் தானாக வளரும் வழியின்றி நின்றது. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் காது கேளாத பிள்ளையை அறிவற்ற பிள்ளை என்றே பலரும் எண்ணினர். ஏழை வீட்டில் அப்பிள்ளை கூலி வேலைக்குப் போகும். செல்வர் வீட்டில் விருந்தினர் கண்ணிற் படாதபடி ஓர் அறையில் வளரும். எழுத்தறிவிக்க முயல்வார் அரியர். நம் நாட்டிலும் இந்நிலைமை இருந்ததை மூத்தோர் அறிவர். குட்ரிக்கின் பெற்றோர் அவ்வாறு செய்தாரில்லை. பட்டத்துக்கு உரிய பிள்ளைக்குக் கல்வியும் உரியதென்று துணிந்து, அதற்குரிய இடத்தைத் தேடினர்.

கல்வி

ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், தாமஸ் பிரெயிட்வுட் என்பவர் 1760 ஆம் ஆண்டு காது கேளாத பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிரிட்டனில் அவ்வகையில் முதலாவது அதுவே. உதட்டசைவைக் கண்டு சொல்லை உணர்தல், எழுத்தால் மொழியைக் கற்றல், நாவையும் தொண்டையையும் பழக்கிப் பேசுதல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. குட்ரிக் சிறுவயதிலேயே இப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார்.

இங்கே ஒன்று கூறாது விடுதல் தகாது. பிரெயிட்வுட் பள்ளியிற் சேர மிகுந்த பொருள் வேண்டும். கற்பிக்கும் முறையையும் அவர் குடும்பத்தார் வெளியார்க்கு உரையாமல், தம் வீட்டுச் சொத்தாகவே வைத்துக் காத்தனர். ஏறக்குறைய அதே காலத்திற் பாரிஸ் நகரில் தே லெப்பே என்னும் பாதிரியார், ஏழைப் பிள்ளைகளையும் பொருள் வாங்காமற் சேர்த்துக் கைச்சைகை மொழியாற் கல்வி புகட்டினார். தம் முறையை விரும்பிய யாவர்க்கும் திறந்து காட்டினார். நாளடைவிற் பல தேசங்களுக்குப் பரவியது பாதிரியாரின் முறையே. ஒரு குடும்பத்துக்குள் அடைபட்ட வித்தை அக்குடும்பத்தோடு குறுகும்; பலர்க்கும் ஈந்த வித்தை பெருகும். குட்ரிக் செல்வர் வீட்டுப் பிள்ளையாதலின் அவருக்குக் கதவு திறந்தது. அன்று அவரைப் போன்ற அறிவுடைய ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்க்கு அக்கதவு மூடியே கிடந்ததோ!

1778 ஆம் ஆண்டு, 14 வயது நிரம்பும் பருவத்தில், குட்ரிக் வாரிங்டன் என்னும் ஊரிலிருந்த கலாசாலையிற் சேர்ந்தார். முன்னர் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பேரறிஞர் ஆசிரியராக இருந்த இடம் அது. காது கேளாதார்க்கென்று அங்குத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. காது கேட்கும் மாணாக்கரோடு ஒருங்கிருந்தே அவர் இலத்தீன் முதலிய பழைய மொழிகளைக் கற்றார். கணிதத்தில் ஆசிரியர் வியக்கும் தேர்ச்சி பெற்றார். பிரெயிட்வுட் பள்ளி அவருக்கு மொழியைத் தந்தது. வாரிங்டன் கலாசாலை கணிதத்தைத் தந்தது. இவ்விரண்டும் இன்றிப் பின் நிகழ்ந்தது எதுவும் நிகழ்ந்திராது.

யார்க் நகரமும் பிகட் என்னும் நண்பரும்

கலாசாலைப் படிப்பு முடிந்தபின் குட்ரிக் யார்க் நகரில் தம் குடும்பத்தாரோடு தங்கினார். அந்நகரத்துப் பேராலயத்தின் அருகே பொக்கிஷதாரர் மாளிகை என்று பெயர் பெற்ற பழைய மனை ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதியில் அவர்கள் குடியிருந்தனர். அம்மனையின் சாளரமே குட்ரிக்கின் வானிலையமாயிற்று.

அதே நகரில் நத்தேனியல் பிகட் என்னும் வானநூல் வல்லுநர், தொலைநோக்காடிகளும் நுண்ணிய கடிகாரங்களும் அமைத்து ஒரு நிலையம் நிறுவியிருந்தார். அவர் மைந்தர் எட்வர்டு பிகட் தந்தையை ஒத்த அறிவினர். குட்ரிக்கினும் 11 ஆண்டு மூத்தவர். இருவர்க்கும் நட்பு உண்டாயிற்று. 1781 நவம்பரில் குட்ரிக் தாம் வானத்திற் கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினார். மூத்தவர் கருவிகளையும் நூல்களையும் தந்து வழிகாட்டினார். ஒளி மாறுவதாக முன்னோர் ஐயுற்ற விண்மீன்கள் இன்னின்னவென்று கூறினார். இளையவர் கண்ணையும் உழைப்பையும் தந்தார். வயதின் வேற்றுமையோ, ஒருவர்க்குச் செவிப்புலன் இல்லாமையோ அந்நட்புக்குத் தடையாகவில்லை.

வானநூலின் அக்கால நிலை

குட்ரிக் செய்ததன் அருமை விளங்கவேண்டுமாயின், அதற்கு முன் உலகம் நம்பியிருந்தது இன்னதென அறிதல் வேண்டும். சந்திரனுக்குக் கீழுள்ளவை மட்டுமே மாறும். அதற்கு மேலுள்ள வானம் என்றும் ஒரு தன்மையது என்பது கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஐரோப்பா அதனை ஏறக்குறைய 2000 ஆண்டு போற்றி வந்தது. 1572 நவம்பரில், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்திற் புதிய விண்மீன் ஒன்று பேரொளியோடு தோன்றிற்று. டென்மார்க் தேசத்துத் தைகோ பிராகி அதனை அளந்து, அது சந்திரனுக்கு மிகவும் அப்பாற்பட்டது என்று காட்டினார். 1596 இல் பப்ரீஷியஸ் என்பார் திமிங்கில மண்டலத்தில் ஒரு விண்மீன் ஒளிர்ந்து பின் கண்ணுக்கு மறைந்ததைக் கண்டார். அது சுமார் 11 திங்களுக்கு ஒருமுறை வந்து போவதென்பதை 1638 இல் ஹோல்வார்தா கண்டறிந்தார். அதற்கு மீரா என்று பெயரிட்டனர்.

இவ்வாறு ஒளி மாறும் விண்மீன்கள் குட்ரிக்கின் காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே அறியப்பட்டிருந்தன. அவற்றுட் காலவொழுங்கு அறியப்பட்டவை ஒருமுறை கூடிக் குறைவதற்கு ஓராண்டையொட்டிய காலம் கொண்டன. ஒரே இரவில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விண்மீன் மங்கித் தெளியும் என்பது யாரும் கேள்விப்படாத செய்தி.

அல்கால் என்னும் விண்மீன்

கார்த்திகைக் கூட்டத்துக்கு வடமேற்கே பெர்சியுஸ் என்னும் மண்டலம் உண்டு. அதில் இரண்டாம் தரத்து ஒளியுடைய விண்மீன் ஒன்றற்கு அரபியர் அரக்கன் தலை என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரே திரிந்து அல்கால் என்று வழங்குகின்றது. மார்கழித் திங்களில், இரவு எட்டு ஒன்பது மணியளவில் நம் நாட்டார் வடக்கு நோக்கி நிமிர்ந்து பார்த்தால் அது நன்கு உயர்ந்து நிற்கக் காணலாம். 1667 ஆம் ஆண்டளவில் இத்தாலி தேசத்து மொந்தனாரி என்பவர் அதன் ஒளி ஒருகால் வேறுபட்டதைக் குறித்திருந்தார். ஆனால் எப்போது வேறுபடும், எவ்வளவு காலம் வேறுபடும் என்பதை ஒருவரும் அறிந்திலர்.

1782 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் இரவு குட்ரிக் அதனை நோக்கினார். முன்னாட்களில் இரண்டாம் தரத்ததாய் விளங்கிய அவ்விண்மீன் அன்று நான்காம் தரத்ததுபோல் மங்கி நின்றது. அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணை எடாது பார்த்தார். அப்போதும் அவர் களித்துக் கூத்தாடவில்லை. இத்துணை விரைவில் மாறும் விண்மீனை முன் ஒருவரும் கூறாமையால், தம் கண்ணிற் பிழையோ, காற்றின் மாசோ, வெறுந் தோற்றமோ என்று ஐயுற்று, அவ்வையத்தையும் நாட்குறிப்பில் எழுதினார். வயது 18. அவ்வயதில் புதியதொன்றைக் கண்டவுடன் பறையறையாமல், தம் கண்ணையே முதலிற் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்த அடக்கத்தை நம் மாணாக்கர் நினைவிற் கொள்ளத் தகும்.

ஐயம் தீர ஒரே வழி, மீண்டும் மீண்டும் பார்த்தலே. வானம் தெளிந்த இரவுதோறும் அவர் அல்காலை நோக்கி, அருகிலுள்ள வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டார். இதனினும் கூடியது, அதனினும் குறைந்தது என்று இருபுறமும் வரம்பு கட்டி ஒளியை மதித்தார். தராசில் நிறுப்பார் படிக்கற்களை மாற்றி மாற்றி இடுதல் போன்றது இம்முறை. இரவுகள் பல சென்றன. அல்கால் மாறாது நின்றது. டிசம்பர் இறுதியில் ஓர் இரவு, மங்கியிருந்த அவ்விண்மீன் தம் கண் முன்னரே ஒளிபெற்று எழுந்ததைக் கண்டார். ஐயம் அன்றே அகன்றது.

அதுவரை பிறர் கண்ணுக்கு அது தப்பியதன் காரணமும் அறியத்தக்கது. அல்கால் மங்கும் முறை 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது. திங்கட்கிழமை நள்ளிரவில் அது மிக மங்கியிருக்குமாயின், அடுத்த முறை வியாழக்கிழமை இரவு 8 மணி 49 நிமிடத்தில் மங்கும். அதற்கடுத்தது ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி 38 நிமிடத்தில், சூரிய வெளிச்சத்தில் நிகழ்ந்து யார்க்கும் தெரியாமற் போகும். மங்கத் தொடங்கித் தெளிவது வரை செல்லும் காலம் சுமார் 10 மணி நேரமே. மற்றை நேரமெல்லாம் ஏனைய விண்மீன்களைப் போலவே சலனமின்றி நிற்கும். ஆகவே, எப்போதாவது பார்ப்பவனுக்கு அஃது அகப்படாது. இடையறாது பார்ப்பவனுக்கே அகப்படும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எத்தனையோ இரவுகளில் எத்தனையோ பேர் அவ்விண்மீனைக் கண்டிருப்பர். தொடர்ந்து காத்திருந்து எழுதிவைத்தவர் குட்ரிக்.

1783 வேனிற்காலத்துக்குள் அவர் பல முறை மங்கலைக் கண்டு, இடைப்பட்ட நாட்களை மங்கலின் எண்ணிக்கையால் வகுத்துக் காலவொழுங்கை வரையறுத்தார். அவர் கண்ட கணக்குக்கும் இற்றைக் கணக்குக்கும் உள்ள வேறுபாடு சில நிமிடங்களே. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஷெப்பர்டு என்பவர்க்குக் கடித வடிவில் அவர் எழுதிய கட்டுரை, 1783 மே 15 ஆம் நாள் லண்டனிலுள்ள ராயல் ஸொஸைட்டியிற் படிக்கப்பட்டது. அவ்வாண்டே அச்சங்கத்தார் தம் மிக உயர்ந்த பரிசாகிய காப்லி பதக்கத்தை அவருக்கு அளித்தனர். அப்போது அவருக்கு வயது 19.

மங்குதற்குக் காரணம்

கண்டதைக் கூறியதோடு அவர் நின்றிலர், காரணமும் ஆராய்ந்தார். இரண்டு வழிகள் தோன்றின. இருண்ட பொருள் ஒன்று அல்காலைச் சுற்றி வந்து, நமக்கும் அதற்கும் இடையே புகும்போது மறைத்தல் ஒன்று. விண்மீனின் ஒரு புறத்திற் கரிய புள்ளிகள் இருந்து, அது சுழலும்போது அப்புறம் நம்மை நோக்குதல் மற்றொன்று. முதலாவது, சூரியனைச் சந்திரன் மறைக்கும் கிரகணம் போன்றது. கோள்களும் கிரகணமும் நம் சூரியனைச் சார்ந்த குடும்பத்தில் மட்டுமே அறியப்பட்டிருந்த காலத்தில், எட்டாத விண்மீன் ஒன்றுக்கும் அவ்வாறு ஓர் அயலான் உண்டு என்று கூறுதல் துணிவான கூற்று. பேரறிஞர் வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்காடி கொண்டு பார்த்தும் அல்கால் தனியொரு விண்மீனாகவே தோன்றிற்று. ஆகவே, அக்கொள்கை நூறாண்டுக்கு மேல் ஐயத்துக்கு இடமாகவே கிடந்தது.

1889 இல் ஜெர்மனி தேசத்துப் போட்ஸ்டாம் நிலையத்தில் வோகல் என்பார், அல்காலின் ஒளியைப் பட்டகத்தாற் பிரித்து ஆராய்ந்து, அது நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் அதே காலவொழுங்கில் அசைகின்றது என்று காட்டினார். காணாத துணை ஒன்று அதனைச் சுற்றுதல் ஐயமற உறுதியாயிற்று. அத்துணை கோளன்று, ஒளி குன்றிய பெரிய விண்மீன் என்பதை இன்று அறிவோம். அது முன்னே வரும்போது அல்காலின் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது. நம்மிடமிருந்து சுமார் 90 ஒளியாண்டுத் தொலைவில் நிகழும் கிரகணத்தைத் தம் சாளரத்தில் நின்று, பெரும்பாலும் வெறுங்கண்ணாற் பார்த்து, அதன் காரணத்தையும் ஊகித்தவர் அவ்விளைஞர்.

பின்னைய ஆராய்ச்சி

பதக்கம் பெற்றதோடு அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1784 ஜூலையில் தந்தையார் இறந்தார். அவ்வாண்டுச் செப்டம்பரில் யாழ் மண்டலத்து இரண்டாம் விண்மீன் மாறுவதை அவர் கண்டார். அதன் காலவொழுங்கு சுமார் 13 நாள். அதே திங்களில் நண்பர் பிகட், கழுகு மண்டலத்தில் சுமார் ஏழு நாளுக்கு ஒருமுறை மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அடுத்த திங்களிற் குட்ரிக், செபியுஸ் மண்டலத்து நான்காம் விண்மீனைப் பற்றினார். அதன் காலவொழுங்கு 5 நாளும் ஏறக்குறைய 9 மணி நேரமும் ஆகும்.

இது அல்காலினும் வேறான இயல்புடையது. ஒன்றரை நாளில் விரைந்து ஒளியேறி, பின் நான்கு நாளளவு மெல்ல மெல்ல இறங்கும். நடுவில் ஓய்வு என்பதில்லை. ஒன்று மற்றொன்றை மறைத்தலால் இது நிகழ்வதன்று. அவ்விண்மீன் தானே விம்மியும் சுருங்கியும் மூச்சுவிடுதல் போல் இயங்குகின்றது என்பதைப் பின்னோர் கண்டனர். இதனை அவர் அரச வானநூலறிஞராகிய மாஸ்கலின் என்பவர்க்கு எழுதினார். 1786 ஆம் ஆண்டு அக்கட்டுரை வெளியாயிற்று.

மறைவு

1786 ஏப்ரல் 16 ஆம் நாள் ராயல் ஸொஸைட்டியார் அவரைத் தம் சங்கத்து அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தனர். நான்காம் நாள், ஏப்ரல் 20 இல், நுரையீரற் சுரத்தால் அவர் இறந்தார். குடும்பத்தார் ஹன்சிங்கோர் என்னும் சிற்றூரில் தம் முன்னோரோடு அவரை அடக்கம் செய்தனர். பாட்டனார் அவருக்குப் பின்னும் உயிரோடிருந்து 1789 இல் மறைந்தார். அதனால் பேரனெட் பட்டம் குட்ரிக்கை ஒருநாளும் வந்து சேரவில்லை. அவர் தம்பியாரே அதனை அடைந்தார். அவர் பிறந்தபோது அவருக்கென்று காத்திருந்த பட்டத்தை இன்று நினைப்பார் இல்லை. அவர் தம் உழைப்பால் ஈட்டிய பெயரோ நிலைத்துவிட்டது. யார்க் நகரத்துப் பழைய மனையருகில் அவர் நினைவாகப் பலகை ஒன்று பொறித்து வைத்துள்ளனர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வழங்குகின்றது.

அவர் விதைத்த விதை

செபியுஸ் மண்டலத்து விண்மீனைப் போன்று விம்மிச் சுருங்கும் விண்மீன்கள் பின்னர்ப் பல காணப்பட்டன. அவ்வினத்துக்கே செபீதுகள் என்று பெயராயிற்று. அமெரிக்காவில் ஹார்வர்டு வானிலையத்திற் பணிபுரிந்த ஹென்ரியெட்டா லெவிட் என்னும் பெண்மணியார், சிறிய மெகல்லன் முகிலில் உள்ள 25 செபீதுகளை ஆராய்ந்து, காலவொழுங்கு நீளுந்தோறும் இயற்கை ஒளியும் மிகுகின்றது என்னும் விதியை 1912 இல் வெளியிட்டார். இவ்வம்மையாரும் செவிப்புலன் இழந்தவர் என்பது குறிக்கத்தக்கது.

இவ்விதியின் பயனை ஓர் உவமையால் விளக்குவோம். தொலைவில் ஒரு விளக்கு எரிகின்றது. அது எத்துணை ஆற்றலுடைய விளக்கு என்று முன்னரே தெரிந்தால், கண்ணுக்குத் தோன்றும் ஒளியைக் கொண்டு அதன் தொலைவைக் கணித்துவிடலாம். செபீதின் காலவொழுங்கு, அவ்விளக்கின் ஆற்றலைக் கூறும் முத்திரை போன்றது. 1923 இல் எட்வின் ஹப்பிள் என்பார் அந்திரொமேதா மண்டலத்து முகிலில் ஒரு செபீதைக் கண்டு கணித்து, அம்முகில் நம் பால்வீதிக்கு மிகவும் புறத்தே உள்ள வேறொரு பேருலகம் என்று நிறுவினார். அதன் தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்று இன்று கூறுவர். பிரபஞ்சத்தின் பரப்பை அளக்க மனிதன் கைக்கொண்ட முதற்கோல், யார்க் நகரத்துச் சாளரத்திலிருந்து வந்தது.

நம் நாடும் இத்துறைக்கு அயலானதன்று. 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் விளங்கிய சென்னை வானிலையத்தில், நார்மன் போக்சன் 1861 முதல் 1891 வரை தலைவராக இருந்தார். விண்மீன்களின் தரத்தை, ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று வகுத்த அளவை அவருடையதே. அவரிடம் துணைவராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867 இல் தென்வானத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார். 1911 இல் அமெரிக்காவில் மாறும் விண்மீன்களை நோக்குவார் சங்கம் ஒன்று தோன்றியது. வானம் முழுவதையும் இரவுதோறும் படம்பிடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தும், உலகெங்கும் உள்ள இல்லறத்தார் வெறுங்கண்ணாலும் சிறு கருவிகளாலும் நோக்கி அனுப்பும் கணக்கை அச்சங்கம் ஏற்று வருகின்றது. அக்கணக்கை எடுக்கும் முறை, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிடும் குட்ரிக்கின் முறையே.

நாம் கொள்ளத்தக்கது

செவி அடைபட்டதால் அவருடைய கண் கூர்மை பெற்றது என்று கூறுவாருண்டு. யாம் அதனை ஒப்புகிலோம். செவி இழந்தார் எல்லாரும் வானநூலறிஞர் ஆகிவிடவில்லை. அவர் கண்ணைக் கூர்மையாக்கியது கல்வி. எழுத்தறியாத குட்ரிக் அதே சாளரத்தில் நின்று அதே விண்மீனைக் கண்டிருப்பாராயினும், நாட்குறிப்பு ஏது? கணக்கு ஏது? கட்டுரை ஏது? திருக்குறளிற் கல்வியும் கேள்வியும் தனித்தனி அதிகாரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. கேள்வியின் வாயில் அடைபட்டார்க்கும் கல்வியின் வாயில் அடைபடவில்லை என்று அவ்வமைப்பிலிருந்து நாம் கொள்ளலாம்.

நம் குடும்பங்களிலும் காது கேளாத பிள்ளை பிறத்தல் கூடும். அதனைப் பழவினை என்று கூறி ஒதுக்குதலும், திருமண காலங்களில் உறவினர் கண்ணுக்கு மறைத்தலும், உடன்பிறந்தாரின் வரனுக்குத் தடையென்று அஞ்சுதலும் இன்னும் சில இடங்களில் உண்டு. இவை அறவே ஒழியவேண்டும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் கேட்புத் திறனைச் சோதிக்கும் கருவிகள் இன்று உள்ளன. பாளையங்கோட்டையில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதார்க்குப் பள்ளி தோன்றிற்று. பின்னர்ப் பல ஊர்களில் அத்தகைய பள்ளிகள் எழுந்துள்ளன. குட்ரிக்கின் காலத்தில் பெருஞ்செல்வர்க்கே கிடைத்த வாய்ப்பு இன்று எளியார்க்கும் எட்டும் நிலையில் உள்ளது. வேண்டுவது பெற்றோரின் துணிவும், காலந் தாழ்த்தாமையுமே.

சங்கத்துச் செல்வர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அன்னதானமும் திருப்பணியும் செய்யும் நம்மவர், இத்தகைய பிள்ளை ஒன்றின் படிப்புச் செலவை ஏற்பாராயின், அதனிற் சிறந்த அறம் வேறில்லை. பிரெயிட்வுட் குடும்பத்தார்போல் வித்தையை அடைத்து வையாமல், பாரிஸ் பாதிரியார்போல் வாரி வழங்குவோமாக.

மாணாக்கர்க்குக் கூறுவது இது. வரும் மார்கழியில் மேகமற்ற இரவுகளில் மொட்டைமாடிக்குச் சென்று வடக்கே நோக்குங்கள். கார்த்திகையை அடையாளமாகக் கொண்டு அல்காலைத் தேடிப் பிடியுங்கள். அருகிலுள்ள விண்மீன்களோடு அதனை ஒப்பிட்டு, நாளும் மணியும் குறித்து ஒரு சுவடியில் எழுதி வாருங்கள். பல இரவுகள் ஒன்றும் நிகழாது. சலியாது காத்திருப்பின், ஓர் இரவு அவ்விண்மீன் மங்கியிருக்கக் காண்பீர்கள். அப்போது உங்கள் கண்ணை ஐயுறுங்கள், மறுபடியும் பாருங்கள்.